இலை போட்ட சீட்டித் துணி

சாயங்காலம் நாலே கால் மணிக்குத்தான் எல்லாம் கெட்டது. அதுவரை அறந்தாங்கியிலேயே நாகரிகமான வீடு எங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று என் மூத்த மகளைப் பெண் பார்க்கத் திருவரங்குளத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் நழுவினால் என்ன செய்வது என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தும் மனம் ஆறவில்லை. புதுக்கோட்டையில் ஓர் அதிகாரி வீட்டில் பார்த்த திரைச்சீலைகள் ஞாபகம் வர, மனைவியோடு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் ஒரு சீட்டித் துணியை விரித்தார். சந்தன நிறத்தில், காம்பு மேலும் நுனி கீழுமாகத் தொங்கும் பச்சை இலைக்கொத்துகள். "பழைய துரைமார் வீட்டு டிசைன் சார். என்னைக்கும் பழசாகாது."

"பூப்போட்டது இல்லையா?" என்றாள் மனைவி.

"பூ எல்லாரும்தான் போடுறாங்க" என்றேன், ரசனை உள்ளவனாக.

ஜன்னல்களுக்குப் போக மீந்த துணியில் வாசல் நிலைக்கு மேலே ஒரு குட்டைத் திரை தைக்கச் சொன்னேன். அதன் ஓரத்தை இலை இலையாக வெட்டிவிட்டார் தையல்காரர். காற்றடித்தால் நிஜ இலை மாதிரியே ஆடும் என்றார். ஆடியது.

ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் தெருமுனையில் திரும்பினார்கள். நாலு வீடு தள்ளி அந்த அம்மா நின்றார். எங்கள் வாசல் நிலையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் ரசனைக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்து முடிப்பதற்குள் இருவரும் வந்த வழியே திரும்பிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று என் மனைவியைக் கூப்பிட்டாள். "ஆத்தா வந்திருக்கிறதச் சொல்லவே இல்லையே மதினி? எந்தப் புள்ளைக்கு?"

"ஆத்தாவா?"

"நெலையில வேப்பெலை கட்டியிருக்கீகளே!"

பங்குனி மாதம். அடுத்த தெருவில் இரண்டு வீடுகளில் அம்மை போட்டிருந்தது. மனைவி நிலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "பூப்போட்டது வாங்கச் சொன்னேன்ல?"

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். "அம்மா, அது துணிங்க! சீட்டித் துணி!"

அந்த அம்மா என்னையே கும்பிட்டார். தாய்மாமன் இரண்டடி பின்வாங்கி, "படிச்சவுக நீங்க. ஆத்தாவைப் போயி துணிங்கலாமா?" என்றார்.

"வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லைங்க!"

"அப்படித்தான் சொல்லணும். வாய்விட்டுச் சொல்லக்கூடாதுல்ல."

நான் மறுக்க மறுக்க அவர்கள் பக்தி கூடியது. "தண்ணி ஊத்துனதும் ஆள் விடுங்க" என்று பஸ் ஏறினார்கள். ஆத்தா இருக்கும் வீட்டுக்காரரிடம் 'போயிட்டு வாரோம்' என்று சொல்லக்கூடாது என்பதால் அதையும் சொல்லவில்லை.

திரையைப் பிய்த்தெறியப் போனேன். மனைவி தடுத்தாள். "இப்ப அவுத்தா, ஆத்தாவை அடிச்சு வெரட்டுனான்னு பேசுவாக. கெடக்கட்டும்."

ஆக, துணி தொங்கியது. பால்காரர் வாசலுக்கு வெளியிலேயே பாலை வைத்துவிட்டுப் போனார். தலைமையாசிரியர் நான் பள்ளிக்கு வர வேண்டாமென்று அன்போடு சொல்லியனுப்பினார். வீட்டில் தாளிக்கிற வாசனை வந்தால் தெருவே முகம் சுளித்தது. இதற்கு நடுவில் ஒரு மத்தியானம், உடம்பு கசகசவென்று இருக்கிறது என்றாள் மகள். அவள் நெற்றியில் கை வைத்தபோது என் கைதான் சுட்டது. துரைமார் டிசைனைக் கட்டி ஆத்தாவை நிஜமாகவே கூப்பிட்டுவிட்டேனோ என்று பதறினேன். வெறும் வெயில் சூடு. இதை எழுதும்போதும் அந்தப் பதற்றம் விடவில்லை.

நாள் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை முறைப்படி திரையை அவிழ்த்தோம். மூத்தவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்ற செய்தியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணே ஊரெல்லாம் பரப்பினாள்.

அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா இளநீரும் மல்லிகைப்பூவுமாக வந்தார். மகளை வெளிச்சத்துக்கு இழுத்து, முகவாயைப் பிடித்து, இந்தக் கன்னம் அந்தக் கன்னம் என்று திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஒரு தழும்பு வைக்காம எறங்கியிருக்காளே சார்! ஆத்தா இம்புட்டுப் பிரியமாத் தொட்ட புள்ளைய வேற வீட்டுக்கு விடுவமா? நாளப் பாருங்க."