அக்கா சொன்ன வயது

ஒக்கலிபுரத்திலிருந்து நானும் அக்காவும் பஞ்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளை ஆலையில் வைக்கக் கூடாது என்பது அப்போதைய சர்க்கார் சட்டம். இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்த அன்று, "பதிமூணுன்னு சொல்லு. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது" என்று மேஸ்திரி என்னை மிரட்டினார்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் வயதைக் கேட்டார். அக்கா முன்னால் வந்தாள்.

"அவளுக்குப் பத்துதான் சார். வெளியே அனுப்பிடுங்க, ஸ்கூலுக்குப் போகட்டும்."

மேஸ்திரி முறைத்தார். அக்கா தலை குனியவில்லை.

அன்றே என்னை விடுவித்தார்கள். சில நாளில் ஏதோ சாக்குச் சொல்லி அவளையும் நிறுத்தினார்கள். அவள் வேறு ஆலையில் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தாள். இன்று நான் ஆசிரியை.

சட்டம்தான் என்னைக் காத்தது. அதை நம்பி வாய் திறந்தவளின் தங்கை என்பதே எனக்குப் பெருமை.