எங்க வூட்டு வாசல்ல நின்ன காரு

ஒன்பது வருஷமா எங்க வூட்டு வாசல்ல ஒரு வெள்ளைக் காரு நின்னுச்சு. ஒரு நாள்கூட நான் அதுல உட்கார்ந்ததில்ல. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. எங்க தெருவும் நம்பல, தாலுக்கா ஆபீஸ்ல இருந்து விசாரிக்க வந்தவரும் நம்பல. இப்போ எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரியுது.

காரு எங்களோடது இல்ல. எங்க வூட்டுக்காரர் டிரைவர். கோவிலம்பாக்கத்துல அபார்ட்மென்ட்ல இருக்குற ஒரு ஓனர்கிட்ட வேலை. ஓனருக்கு ரெண்டு காரு, அபார்ட்மென்ட்ல ஒண்ணு நிறுத்தத்தான் இடம். அதனால ரெண்டாவது காரைத் தெனம் சாயங்காலம் முடிச்சூருக்கு எங்க வூட்டுக்கு ஓட்டினு வந்து நிறுத்திக்கணும், காலையில ஏழு மணிக்கு அங்க கொண்டுபோய் நிக்கணும். ஓனருக்கு இதுல ரெண்டு லாபம். பார்க்கிங் தொல்லை இல்ல, பஸ் கிடைக்கலன்னு டிரைவர் லேட்டா வர மாட்டாரு. எங்களுக்கு இன்னா லாபம்னு கேட்டா, வாசல் அடைஞ்சுபோச்சு, அதான் லாபம். லாரித் தண்ணிக்குக் குடத்தைத் தூக்கினு நான் வரிசையில நிப்பேன். இவரு அதுல ரெண்டு பக்கெட்டு எடுத்துக் காரைக் கழுவுவாரு. ஓனரு காரு அழுக்கா போனா இவருக்கு மானம் போயிடுமாம்.

சாயங்காலம் வந்து நிறுத்தினதும் மீட்டரை போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும். காலையில கிளம்பும்போது இன்னொரு போட்டோ. நடுவுல ஒரு கிலோமீட்டர் ஏறியிருந்தா போன் வரும். ஏறினதே இல்ல. எங்க பொண்ணுக்குக் காய்ச்சல் கொதிச்ச அன்னிக்கு, காரு வாசல்ல நிக்க, நான் அவளைத் தோள்ல போட்டுக்கினு மெயின் ரோடு வரைக்கும் நடந்து ஆட்டோ பிடிச்சேன்.

நான் வேலை செய்றது காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு காலேஜுல. ஹவுஸ்கீப்பிங், காண்ட்ராக்ட்டு வேலை. காலையில ஆறு மணிக்கு முடிச்சூர் ரோட்டுல ஷேர் ஆட்டோ. அஞ்சு பேர் உட்கார்ற இடத்துல ஒன்பது பேரு, என் முட்டி அடுத்தவங்க டிபன் டப்பாவுல இடிக்கும். அப்புறம் தாம்பரத்துல ரயிலு. அதே ஆறு மணிக்குத்தான் இவரும் கிளம்புவாரு. அதே ரோடு, அதே தாம்பரம். என் ஆட்டோவை அந்த வெள்ளைக் காரு தாண்டிப் போகும், உள்ள இவரு ஒருத்தரு, பின்னாடி சீட்டு மொத்தமும் காலி. போற வழிதானே, தாம்பரத்துல இறக்கி விடுய்யா, ஒரு கிலோமீட்டர்கூட எக்ஸ்ட்ரா ஏறாதேன்னு ஒரே ஒரு வாட்டி கேட்டேன். ஓனருக்குத் தெரிஞ்சா நல்லா இருக்காதுன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நான் கேக்கல. காரு தாண்டிப் போறப்போ மூஞ்சைத் திருப்பிப்பேன்.

மழை வந்தா இன்னும் கேவலம். எங்க பக்கம் தண்ணி ஏறும், அது ஊருக்கே தெரியும். மேகம் கருத்தாலே ஓனர்கிட்ட இருந்து போன் வந்துடும், வண்டியைக் கொண்டுபோய் மேம்பாலத்து மேல நிறுத்துன்னு. எல்லாரும் அங்கதான் காரைக் கொண்டுபோய் வரிசையா நிறுத்துவாங்க. ஒரு வருஷம் ராத்திரி ரெண்டு மணிக்கு முழங்கால் வரைக்கும் தண்ணி உள்ள வந்துடுச்சு. நானும் பொண்ணும் அரிசி மூட்டையைக் கட்டில் மேல ஏத்தி, ஃப்ரிட்ஜுக்கு அடியில செங்கல்லைச் சொருகி அல்லாடிக்கினு இருந்தோம். எங்க வூட்டு ஆம்பளை பெருங்களத்தூர் மேம்பாலத்துல காருக்குக் காவல் இருந்தாரு. வண்டி பத்திரமா கீதுன்னு எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு பாருங்க, நான் போனையே தண்ணியில போடப் பார்த்தேன்.

இவ்ளோ திட்டுறேனே, இவரு கெட்டவரு இல்ல. குடி கிடையாது, ஒரு வார்த்தை அதட்டிப் பேச மாட்டாரு. ஒரே வீக்னெஸ்ஸு அந்தக் காரு. வெள்ளிக்கிழமையானா அதுக்குச் சந்தனம் குங்குமம் வெப்பாரு, சக்கரத்துல எலுமிச்சம்பழம். தெருவுல எங்களைக் கார்காரர் வூடுன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. இது என் ஓனரோடதுங்கன்னு இவரு ஒருத்தர்கிட்டயும் வாயைத் தொறக்கல. கேக்குறவங்ககிட்ட சிரிச்சுட்டுப் போயிடுவாரு. வாழ்க்கையில அவருக்குன்னு இருந்த ஒரே பெருமை, நானும் போனா போகட்டும்னு விட்டுட்டேன். அங்கதான் மோசம் போனோம்.

எங்க பொண்ணு பிளஸ் டூவுல நல்ல மார்க்கு எடுத்தா. நர்ஸிங்ல சீட்டு கிடைச்சுது. வருமானச் சர்டிபிகேட் குடுத்தா ஃபீஸ்ல முக்காவாசி குறைச்சுடுவோம், மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும், இல்லன்னா சீட்டு அடுத்த பொண்ணுக்குப் போயிடும்னு சொல்லிட்டாங்க. முழு ஃபீஸு கட்ட எங்களால ஆகாது. என் சம்பளம் ஒன்பதாயிரம், இவரு சம்பளம் பதினாலாயிரம், வூட்டு வாடகை போக மிச்சத்துல சாப்பிடணும். எங்க வூட்டுல வருமானம் கம்மின்னு காட்டுறதுல என்னா கஷ்டம் வந்துடப் போவுதுன்னு நான் நிம்மதியா இருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, ஏழைன்னு நிரூபிக்கிறதுதான் உலகத்துலயே பெரிய வேலை.

தாலுக்கா ஆபீஸ்ல மனு குடுத்தோம். விசாரிக்க வந்தவரு நான் வேலைக்குப் போயிருந்தப்போ வந்திருக்காரு. தெருமுனையில கடை வெச்சிருக்குற அக்காகிட்ட அட்ரஸ் கேட்டிருக்காரு. அந்தக்கா நல்ல மனசோட, அதோ காரு நிக்குது பாருங்க, அந்த வூடுன்னு கை காட்டியிருக்கு. அன்னிக்கு ஓனரு ஊருக்குப் போயிருந்ததால காரு பகல்லயும் வாசல்லயே நின்னுச்சு, வெள்ளிக்கிழமை வெச்ச சந்தனத்தோட. பொண்ணு ஆயிரம் தடவை சொல்லியிருக்கா, சார் இது ஓனர் காரு, ஆர்.சி. புக்கு அவர் பேர்லதான் இருக்குன்னு. எல்லாரும் இப்படித்தான்மா சொல்றீங்கன்னு சிரிச்சாராம் அவரு. ஓனர்கிட்ட லெட்டர் வாங்கிக் குடுங்க, வண்டி என்னோடது, இவரு என் டிரைவரு, மாசச் சம்பளம் இவ்ளோன்னு கையெழுத்துப் போட்டுன்னு சொல்லிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கினு போயிட்டாரு.

ஒரு லெட்டர்தானே. அதைக் கேக்க இவருக்கு நாலு நாளு ஆச்சு. ஓனரு மூடு சரியில்ல, ஓனரு போன்ல இருந்தாரு, மேடம் இருந்தாங்கன்னு தெனம் ஒரு சாக்கு. வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமான்னு நான் கத்தினப்புறம்தான் கேட்டாரு. ஓனரு ஒரு பேச்சுக்கூட மறுக்கலையாம். அடுத்த நாளே நல்ல வழவழ காகிதத்துல டைப் அடிச்சு, கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்தாரு. இவரு அதை அப்படியே ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு சந்தோஷமா வந்தாரு.

என்னா எழுதியிருந்தாருன்னு கேட்டேன். ஒட்டியிருந்துச்சு, பெரிய மனுஷன் ஒட்டிக் குடுத்த கவரை நாம பிரிக்கிறது மரியாதையான்னு என்னையே திருப்பிக் கேட்டாரு. நானா இருந்தா பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள கிழிச்சுப் பார்த்திருப்பேன். எங்க வூட்டுப் பொண்ணு தலையெழுத்து உள்ள இருக்கு, மேல பசைதான் ஒட்டியிருக்கு. ஆனா இவரு ஒன்பது வருஷமா அந்த மனுஷனோட கதவைத் தொறந்து விட்டுத் தொறந்து விட்டு, கவரைக்கூடத் தொறக்க முடியாத ஆளா ஆயிட்டாரு.

திங்கட்கிழமை போன்ல மெசேஜ் வந்துச்சு, மனு தள்ளுபடின்னு. வெள்ளிக்கிழமைக்கு நாலே நாளு. செவ்வாய்க்கிழமை நான் ஒரு நாள் சம்பளம் போனா போவட்டும்னு லீவு போட்டுட்டு ஆபீஸுக்குப் போனேன். பச்சைத் தண்ணி பல்லுல படாம பன்னெண்டு மணி வரைக்கும் நின்னேன். கிளார்க்கம்மா பாவம் பார்த்து ஃபைலை என் பக்கம் திருப்பிக் காட்டுனாங்க. வருமானம் வரம்பைத் தாண்டுதேம்மா, நாங்க இன்னா பண்றதுன்னாங்க.

இங்கிலீஷ்ல இருந்த லெட்டரை எழுத்துக் கூட்டிப் படிச்சேன். வண்டி அவரோடதுதான்னு இருந்துச்சு. டிரைவரை எங்க குடும்பத்துல ஒருத்தரா பாத்துக்கிறோம்னு இருந்துச்சு. சம்பளம் மாசம் இருபத்தெட்டாயிரம்னு இருந்துச்சு. குடுக்குறதுக்குச் சரியா ரெண்டு மடங்கு. கிளார்க்கம்மா முன்னாடி அழக் கூடாதுன்னு உதட்டைக் கடிச்சுக்கினேன். அழுகை இல்ல அது, ஆத்திரம். எனக்கு ஆத்திரம் வந்தா கண்ணுலதான் வரும்.

நேரா கோவிலம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். மேடவாக்கத்துல இறங்கி மாறி, வெயில்ல நின்னுக்கினே போய்ச் சேர்ந்தேன். அபார்ட்மென்ட் வாசல்ல செக்யூரிட்டி அண்ணன் நோட்டை நீட்டி, பேரு, எந்த ஃபிளாட்டு, எதுக்கு வந்தீங்கன்னு எழுதச் சொன்னாரு. எதுக்குன்ற இடத்துல சம்பளம்னு எழுதினேன். கீழ இவரு காரைத் துடைச்சுக்கினு இருந்தாரு. என்னைப் பார்த்ததும் மூஞ்சி வெளுத்துப்போச்சு. நான் நிக்காம லிஃப்ட்டுக்குப் போயிட்டேன், பின்னாடியே துணியோட படியேறி ஓடி வந்தாரு.

ஓனரு தங்கமாத்தான் பேசினாரு. உட்காரச் சொன்னாரு, மேடம் காபி போடட்டுமான்னு கேட்டாங்க. இப்படிப்பட்டவங்க கத்தினாலாவது நமக்குச் சுலபமா இருக்கும். சார், இருபத்தெட்டுன்னு எழுதிட்டீங்க, பொண்ணு சீட்டு போவுது, வெள்ளிக்கிழமை கடைசின்னு சொன்னேன். அவருக்கு நிஜமாவே சங்கடமா போச்சு. நெத்தியைத் தேய்ச்சாரு.

"இல்லம்மா, பதினாலாயிரம்னு என் லெட்டர்ஹெட்ல எழுதி கவர்மென்ட் ஆபீஸுக்குக் குடுத்தா, படிக்கிறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? உங்களுக்கும் கௌரவமா இருக்கட்டும்னுதான்."

இவரு செருப்பு ஸ்டாண்டுகிட்ட நின்னுக்கினு, வேணாம், வா போவலாம்னு கண்ணால கெஞ்சினாரு. ஒன்பது வருஷமா ஆட்டோவுல முட்டி இடிச்சது, தோள்ல காய்ச்சலோட பொண்ணு, கட்டில் மேல அரிசி மூட்டை, எல்லாம் ஒண்ணா வாய்க்கு வந்துடுச்சு.

"சார், குடுக்குறதை எழுதுங்க. இல்ல, எழுதினதைக் குடுங்க."

மேடம் சமையல்கட்டுப் பக்கம் போயிட்டாங்க. ஓனரு ரொம்ப நேரம் என் வூட்டுக்காரரைப் பார்த்தாரு, என்னைப் பார்க்கல. அப்புறம் மேசையில இருந்து ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்துக் கையால எழுதினாரு. மாசச் சம்பளம் பதினாலாயிரம். கீழ கையெழுத்து. கவர் கிடையாது, பசை கிடையாது. பேப்பரை என் கையில குடுத்துட்டு, இவர்கிட்ட கையை நீட்டினாரு. இவருக்கு முதல்ல புரியல. அப்புறம் பாக்கெட்டுல இருந்து சாவியை எடுத்து வெச்சாரு. இந்த மாசக் கணக்கை ஆன்லைன்ல போட்டுடறேன்னு ஓனரு சொன்னாரு. அந்தக் குரல்ல கோபம் இல்ல, அதுதான் என்னை இன்னிக்கு வரைக்கும் கொல்லுது.

ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்தோம். கல்யாணமாகி இத்தினி வருஷத்துல வேலை முடிஞ்சு ஒண்ணா வூட்டுக்குப் போனது அன்னிக்குத்தான். இவரு வெள்ளை யூனிஃபார்மோட கம்பியைப் பிடிச்சுக்கினு நின்னாரு. தாம்பரத்துக்கு டிக்கெட்டு எவ்ளோன்னு அவருக்குத் தெரியல, நான்தான் வாங்கினேன். வூட்டுக்கு வந்தப்போ மணி ஏழாச்சு, பழக்க தோஷத்துல மீட்டர் போட்டோவுக்குப் போனை எடுத்து வாசலைப் பார்த்தாரு. வாசல்ல எண்ணெய்க் கறைதான் இருந்துச்சு. போனை மறுபடி பாக்கெட்டுல போட்டுக்கினாரு. எனக்கு அவரைத் திட்டணும்போலவும் இருந்துச்சு, கட்டிப் பிடிச்சுக்கணும்போலவும் இருந்துச்சு. ரெண்டும் செய்யாம சோறு வடிச்சேன்.

மறுநாளே அந்தப் பேப்பரைக் கிளார்க்கம்மாகிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில சர்டிபிகேட் வந்துடுச்சு. பொண்ணு சேர்ந்துட்டா. முத்திரையோட வந்த அந்தக் காகிதத்துல எங்க வூட்டு வருமானம் அழகா எழுதியிருந்துச்சு, இவரு சம்பளம் என் சம்பளம் ரெண்டையும் சேர்த்து. அன்னிக்கு அதுவும் பொய்யாயிடுச்சு. இவரு கூப்பிட்டா போற ஆக்டிங் டிரைவரா, யாரு போன் பண்ணுவாங்கன்னு உட்கார்ந்திருந்தாரு.

அடுத்த வாரம் தெருமுனைக் கடையில தக்காளி வாங்கினு இருந்தேன். அந்தக்கா ரகசியம் கேக்குற மாதிரி கிட்ட வந்து, பொண்ணு படிப்புக்காகக் காரை வித்துட்டீங்களாமே, தெருவுல பேசிக்கிறாங்கன்னு கேட்டுச்சு. இல்லக்கா, அது எங்களோடதே இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். எதிர்ல இவரு வந்துக்கினு இருந்தாரு, இஸ்திரி போட்ட சட்டையோட, எங்கயோ வேலை கேட்டுட்டு.

"ஆமாக்கா, வித்துட்டோம்."

எவ்ளோக்குப் போச்சுன்னு கேட்டுச்சு. பதினாலாயிரம்னு சொன்னேன். அடப்பாவமே, நல்லா ஏமாத்திட்டாங்களேன்னு அந்தக்கா உச்சுக் கொட்டிட்டு, என் பையில ரெண்டு தக்காளி அதிகமா போட்டுச்சு.