தூணோரம் உட்கார்ந்தவர்

ஆதிகேசவன் அண்ணன் மசூதிகளின் உட்புறத்தைப் படம் எடுப்பவர். ஜீவனஹள்ளியில் வீடு. பெருமாள் படத்துக்குப் பூ வைக்காமல் வெளியே கிளம்ப மாட்டார். கிளம்பினால் நேரே ஏதாவதொரு மசூதிக்குத்தான் போவார். முன்பு கல்யாணப் படம் எடுத்தார். மாப்பிள்ளைத் தோழர்களோடு சண்டை போட்டே அந்தத் தொழிலைக் கெடுத்துக்கொண்டார். பிறகு ஒரு மசூதிக் கமிட்டி காலண்டருக்குப் படம் கேட்டது. அது நன்றாக வந்துவிட, மற்ற மசூதிகளும் கூப்பிட ஆரம்பித்தன. அவர் எடுப்பதை அச்சுப் போடுவது விவேக் நகரில் இருக்கும் என் கடை. ஊர் முழுக்க அவரைத் திட்டும் உரிமை எனக்குத்தான் அதிகம்.

அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். பழைய மசூதிகளில் பட்டப்பகலிலும் உள்ளே அரையிருட்டுதான். டியூப்லைட் போட்டால் வண்ணக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் செத்துவிடும். அதனால் விளக்கை எல்லாம் அணைத்து, தொங்கும் சரவிளக்கு ஆடாதபடி ஃபேனையும் நிறுத்தி, அரை நிமிடம் கேமராவைத் திறந்து வைப்பார். தரையில் கீறல் விழக்கூடாதென்று ஸ்டாண்டின் கால்களுக்கு மகள் தீபிகாவின் பழைய ஸ்கூல் சாக்ஸை மாட்டியிருப்பார். தொழுகை நேரத்தில் படம் எடுப்பதே இல்லை. ஒரு தொழுகை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்.

படத்தில் மனிதர்கள் இருக்கக்கூடாது என்பது கமிட்டிகளின் கண்டிப்பு. தொழும் இடத்தில் மனித உருவத்தை மாட்ட மாட்டார்கள். அரை நிமிடத் திறப்பில் குறுக்கே நடப்பவர்கள் தாமாகவே மறைந்துவிடுவார்கள் என்பதால் அவருக்கு அதில் சிரமமில்லை. அசையாமல் இருப்பவர்கள் மட்டும்தான் படத்தில் விழுவார்கள்.

காக்ஸ் டவுன் பக்கம் ஒரு மசூதியில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்பவர் சிப்கத்துல்லா பாய். அண்ணனுக்கு ஸ்விட்ச் அணைப்பது, ஜன்னல் திறப்பது எல்லாம் அவர்தான். தான் படத்தில் விழுந்துவிடக்கூடாதென்று, அண்ணன் கேமராவைத் திறந்ததும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். அண்ணனுக்கு அது பெரிய வேடிக்கை.

ஒருநாள் நடக்க ஆரம்பித்தவர் இரண்டடியிலேயே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கேமராவை மூடும்வரை அசையவில்லை. படத்தில் அப்படியே இருந்தார், வெள்ளைத் தொப்பியில் பச்சை வெளிச்சத்தோடு, ஒரு கை நெஞ்சின் மேல். எழுந்து வந்து பார்த்துவிட்டு, இதை அழித்துவிடுங்கள் என்றார். அண்ணன் சரி என்றார். ஆனால் அழிக்க மனம் வரவில்லை, தன் வாழ்நாளில் அப்படியொரு படம் விழுந்ததில்லை. கமிட்டிக்கு வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, இதைக் கொண்டுவந்து என் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். எவ்வளவு பக்தியான மனுஷன் பார் என்றார். நானும் பார்த்து வாயைப் பிளந்தேன்.

சில வாரங்களில் பாய் இறந்துபோனார்.

அதிலிருந்து அண்ணன் பழைய அண்ணனாக இல்லை. செத்தவருக்குக் கொடுத்த வார்த்தையை மீறிவிட்டோம் என்ற பயம் பிடித்துக்கொண்டது. அழிக்கவும் கை வரவில்லை. வேறு மசூதிகளில் எடுத்த படங்களைக் கொண்டுவந்து, அந்தத் தூணைப் பெரிதாக்கு சரசு, அங்கே யாரோ இருக்கிறார்கள் என்பார். நிழல் என்பேன். இதைப் பார் என்று இன்னொரு தூணைக் காட்டுவார். சொன்னால் சிரிப்பீர்கள், கடையை மூடும் முன் நானே ஒருமுறை திரையில் அந்தத் தூண்களைத் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போதுதான் முபீனா வந்தாள். பாயின் மகள், டெய்லரிங் வேலை செய்பவள். ஆதார் அட்டையில் இருந்த அப்பாவின் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். வேறு படமே கிடையாதாம். ஆதார் படத்தில் யார்தான் மனுஷ ஜாடையில் இருக்கிறார்கள்? பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அவள் அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளை உட்காரவைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சண்டை போட்டார். பாய் மார்க்கத்தில் உறுதியான மனுஷன், உருவப்படம் ஆகாதென்றுதான் அழிக்கச் சொன்னார், அதை நான் எப்படிக் கொடுப்பேன் என்றார். செத்தவர் கேட்டதா பெரிது, இருப்பவள் கேட்பதா என்று நானும் விடவில்லை. கடைசியில் அவர்தான் போய்ப் படத்தைத் திறந்தார்.

முபீனா வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரையின் அருகே குனிந்தாள்.

"அப்பா என்னா பண்ணினு இருக்காரு இதுல?"

"தொழுதுகினு இருக்காரும்மா" என்றார் அண்ணன்.

"உக்காந்து தொழுவும்போது கை தொடை மேலதான்ணா இருக்கும். இது நெஞ்ச புடிச்சினு இருக்காரு."

இத்தனை வருடம் மசூதி மசூதியாகச் சுற்றிய மனிதர் ஒரு தொழுகையைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. நெஞ்சில் கை வைத்தால் கும்பிடுகிறார் என்றுதான் அவருக்கும் தோன்றியது, எனக்கும் தோன்றியது. நாங்கள் கும்பிடுவது அப்படித்தானே.

"என் கல்யாண வேல நடந்துனு இருந்திச்சி" என்றாள் முபீனா. "நெஞ்சு வலி எங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் அழிக்கச் சொல்லியிருக்காரு. அப்பவே பாத்திருந்தா ஆஸ்பத்திரிக்கு இழுத்துனு போயிருப்போம்ணா."

அண்ணனை அவள் குறை சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், எனக்கு மட்டும் சின்னதாக ஒன்று போட்டுக் கொடுங்கள் என்று கேட்டாள். அச்சுப் போட்டேன். காகிதத்தில் அந்தக் கை திரையில் இருந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

அண்ணன் இன்னும் அதே வேலைதான் செய்கிறார். ஆனால் பாதிப் படம் பாழாகிறது. போன மாதம் சிவாஜி நகர் பக்கம் ஒரு மசூதிக்குத் துணைக்குப் போயிருந்தேன். விளக்கை அணைத்தார், கேமராவைத் திறந்தார், அரை நிமிடம் ஆவதற்குள் மூடிவிட்டு இருட்டில் ஒரு தூணை நோக்கி ஓடினார். குனிந்து, "பாய், ஒடம்பு செரியா இருக்குதா?" என்று கேட்டார். தூணில் சாய்த்து வைத்திருந்தது சுருட்டிய பாய் ஒன்று. நான் வாசலில் நின்ற இடத்திலிருந்தே அது தெரிந்தது. அவர் பதிலுக்காகக் குனிந்தபடியே காத்திருந்தார்.