ஆல்வினின் ஞாயிற்றுக்கிழமைகள்

அகரத்து ஆல்வினுக்கு ஞாயிறு என்றால் சுற்றுலா வேன் ஓடுகிற நாள். பதினேழு வருடத்தில் அவன் முழுப் பூசை கண்டது கொஞ்சம்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மோட்சம் போய்விடுவான் என்று கோவிலில் கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான். உள்ளுக்குள் வலிக்கும். வழியெல்லாம் ஜெபமாலை சொல்வது யாருக்குத் தெரியும்? வீட்டு ஜெபத்தில் மனைவி மலர்விழியும் மகள் ஜெஸ்ஸியும் கடைசியாகக் கேட்பது ஒன்றுதான்: அப்பா வண்டியில் ஏறினவர்கள் எல்லாரும் பத்திரமாக இறங்க வேண்டும்.

இந்த ஞாயிறு ஜெஸ்ஸிக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். எட்டு மணிப் பூசை. அவளுடைய ஞானஸ்நான மெழுகுவர்த்தியை ஏந்தி, தகப்பன்தான் பீடம்வரை கூட்டிப்போக வேண்டும். மறந்துவிடக் கூடாதென்று அதை முந்தாநாளே வண்டியில் எடுத்து வைத்த புத்திசாலி, கொடைக்கானல் சவாரியை மட்டும் விடவில்லை. சனிக்கிழமையே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டான். மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து, விடியும்வரை வழி அடைத்துக் கிடந்தது.

மலையடிவாரத்தை நெருங்கியபோது மணி ஏழு. பிரேக்கை மிதித்தான், கால் மெத்தென்று உள்ளே போனது. பதறிப்போய் கியரைக் குறைத்து ஒருவழியாக ஓரங்கட்டினான். சக்கரத்தில் கருகல் வாடை. மெக்கானிக் வந்து பார்க்காமல் நகர முடியாது. போனில் சொன்னபோது மலர்விழி பாதியிலேயே வைத்துவிட்டாள்.

வண்டியில் பதினான்கு பேர், சித்தையன்கோட்டைக்காரர்கள். அவன் போனில் பேசியது காதில் விழுந்ததும் அவர்களில் மூத்தவரான சோலைமலை பக்கத்தில் வந்தார்.

"இனிமே சமதரைதானே அப்பு. மெதுவா விடு, போயிரலாம். புள்ள காத்துக்கிட்டு இருக்கும்ல."

சரிதானே என்று மனசும் சொன்னது. ஆல்வின் ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தான். கண்ணாடியில், கடைசி சீட்டில் ஒரு குழந்தை வாய் பிளந்து தூங்குவது தெரிந்தது. சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டான்.

"பிரேக்கைப் பாக்காம எடுக்க மாட்டேன்ணே."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டயரைப் பார்ப்பதுபோல் இறங்கிக் குனிந்துகொண்டான்.

மெக்கானிக் வந்து பிரேக்கைச் சரிசெய்த பிறகுதான் வண்டியை எடுத்தான். கோவிலுக்கு அவன் வந்து சேர்ந்தபோது பத்தே முக்கால். ஜெஸ்ஸி பெரியப்பாவின் கையைப் பிடித்துப் போய் நன்மை வாங்கி முடித்திருந்தாள். மலர்விழி முகம் கொடுக்கவில்லை. வாசலில் வெள்ளைக் கவுனில் நின்ற மகளிடம் மெழுகுவர்த்தியை நீட்டினான்.

ஜெஸ்ஸி அதை வாங்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"எல்லாரும் பத்திரமா எறங்கிட்டாங்களாப்பா?"

"எறங்கிட்டாங்கம்மா. பதினாலு பேரும்."

அதற்குப் பிறகுதான் அவள் கை நீட்டினாள்.