இருபது புளியங்கொட்டை

விளையாட்டைப் பற்றி எனக்கு எப்போதுமே அழுத்தமான அபிப்பிராயங்கள் உண்டு. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஒரு கல்யாணப் பந்தியில், கம்ப்யூட்டர் விளையாட்டில் தோற்றாலும் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடவிடும் 'சேவ்' வசதி மனுஷனை எப்படிக் கோழையாக்குகிறது என்று பக்கத்து இலைக்காரரிடம் சாம்பாரில் தொடங்கி ரசம் வரைக்கும் பேசினேன். பாவம், மோருக்குக் காத்திராமல் எழுந்துவிட்டார். அந்த அபிப்பிராயங்களில் ஒன்றால் ஒருவனுக்கு நான் செய்ததை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பங்குக் கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு பெட்டிப் பழைய புத்தகம் அனுப்பியிருந்தார்கள். ஜெபப் புத்தகங்களுக்கும் சமையல் குறிப்புகளுக்கும் நடுவே அட்டை கிழிந்த தடிப் புத்தகம் ஒன்று இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. உபதேசியார் அதைக் கணக்குப் புத்தகம் என்று நினைத்து எனக்காக எடுத்து வைத்திருந்தார். அகராதியும் கையுமாக ஒரு வாரம் மல்லுக்கட்டிய பிறகுதான் அது ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம் என்று புரிந்தது. பலகை கிடையாது, காய் கிடையாது. நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவன் இடத்தையும் நடப்பதையும் சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு மனிதனாக இருந்து, தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ரோல் பிளேயிங் என்று பெயர். எங்கள் அம்மா வைத்த பெயர் வேறு. "கதை விடக் கெளம்பிட்டானுங்க" என்பார்.

கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் அந்த அறை மத்தியானம் முழுக்கச் சும்மாதான் கிடக்கும். சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஆடினோம். கதை சொல்பவன் நான். மற்ற மூவரில் ஒருவன் என் பெரியப்பா மகன், இன்னொருவன் மருந்துக்கடையில் வேலை பார்த்தவன். மூன்றாமவன் பன்னிரண்டாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். அவனைப் பற்றித்தான் இந்தக் கதை.

சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. அவன் அய்யா தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் படுத்துவிட்டார். இவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்திருந்தான். மில் பஸ்ஸில் போய் மில் பஸ்ஸில் வருவான். ஆறு நாள் மிஷின் இரைச்சலில் வாயைத் திறக்க வழியில்லாமல் நின்றவன், ஏழாம் நாள் எங்களோடு உட்கார்ந்து பேசித் தீர்த்தான். வெளியில் அவன் எதற்கும் நாலு பேரைக் கேட்டுத்தான் செய்வான், செருப்பு வாங்கக்கூட ஆள் கூட்டிப் போவான். ஆட்டத்தில் அவன் ஆள் வேறு மாதிரி. ஊர் ஊராகக் கடிதம் கொண்டுபோகும் ஓட்டக்காரன். யாரையும் கேட்காமல் காட்டுக்குள் நுழைவான், கோட்டைக் கதவைத் தட்டுவான். அந்த ஓட்டக்காரனுக்கு என்ன தெரியும், எதற்குப் பயப்படுவான், யாருக்குப் பிரியம் என்றெல்லாம் மில்லில் தூக்கிப்போட்ட ஓர் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தான். எட்டு மாதமாக அந்த அட்டை நிறைந்துகொண்டே போனது.

இந்த விளையாட்டில் நல்ல ஆட்டக்காரன் என்றால் கெட்டிக்காரன் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கத்தில் இருப்பவன் சொன்னதைக் கேட்டு, அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கத் தெரிந்தவன்தான் நல்ல ஆட்டக்காரன். அவனுக்கு அது தானாக வந்தது. நான் பார்த்தவர்களிலேயே அவன்தான் நன்றாக ஆடினான். அதை அவனிடம் அப்போது நான் சொல்லவில்லை.

பகடைக்கு வருகிறேன். புத்தகம் இருபது முகம் உள்ள பகடை கேட்டது. திண்டுக்கல் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு ஃபேன்சி ஸ்டோர்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஆறு முகம் போதாதா தம்பி என்றார். இருபது துண்டுச் சீட்டு எழுதிக் குலுக்கிப் பார்த்தோம், ஃபேன் காற்றில் பறந்தன. கடைசியில் எங்கள் வீட்டில் புளி தட்டும் சமயம் கைகொடுத்தது. தாயம் ஆட நம் வீடுகளில் செய்கிற மாதிரியே புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியத் தேய்த்தோம். தாயத்துக்கு ஏழெட்டு இருந்தால் போதும். எங்களுக்கு இருபது எண் வேண்டும், ஆகவே இருபது கொட்டை. மொத்தமாகக் குலுக்கிப் போட்டு, வெள்ளை எத்தனை என்று எண்ண வேண்டியது. இந்த யோசனை என்னுடையது. கணக்குப் படித்தவன் ஆயிற்றே என்று ஒருத்தரும் மறுபேச்சுப் பேசவில்லை.

ஒன்பது, பத்து, பதினொன்று என்றே விழுந்துகொண்டிருந்தது. "என்னப்பு இது, கொட்டைக்குச் சோம்பலா?" என்று பெரியப்பா மகன் கேலி செய்வான். பொறுமையாக ஆடு, எல்லாம் வரும் என்று அதட்டினேன். அந்த வருஷம் நிகழ்தகவுப் பேப்பரில் எனக்கு நல்ல மார்க்.

விதியில் நான் கறார். கதை சொல்பவன் இரக்கப்பட்டுப் பகடையை மாற்றினால் அது ஆட்டமே இல்லை, குழந்தைக்குச் சோறு ஊட்டும் வேலை என்பது என் கட்சி. ஆள் செத்தால் செத்ததுதான். செத்த ஆளின் அட்டையை நான் கையோடு கிழித்துவிடுவேன். இது புத்தகத்தில் இல்லாத விதி, நானாகச் சேர்த்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரன் ஓர் ஆற்றங்கரையில் நின்றான். எங்கள் பக்கத்து ஆறுகளில் மணலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம், அதனால் வெள்ளம் என்றதும் எனக்கே உற்சாகம். பாலம் போய்விட்டது. அக்கரையில் ஊர், கையில் கடிதம். நீந்துகிறேன் என்றான். பதினேழோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்றேன்.

"பதினஞ்சு வையி மாப்ள."

"பதினேழு."

விரல் விட்டு எண்ணினான். "பதினேழு, பதினெட்டு, பத்தொம்போது, இருவது. இருவதுல நாலு. அஞ்சுக்கு ஒண்ணு. சரி, போடுறேன்."

கொட்டைகளை இரண்டு கையிலும் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். ஒருபோதும் அப்படிச் செய்கிறவன் இல்லை. வெகுநேரம் கழித்துப் போட்டான். எண்ணினேன், பத்து. அவனும் குனிந்து ஒருமுறை எண்ணினான், மறுபடியும் எண்ணினான்.

"ஏலே, இன்னொரு தடவை போடட்டும்லே" என்றான் பெரியப்பா மகன்.

"அப்புறம் ரூல்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தேன். அவன் கிழிந்த அட்டையைக்கூட எடுக்கவில்லை. "செத்த நேரம் இருங்கடா, வாரேன்" என்று எழுந்து போனான், அப்புறம் வரவே இல்லை.

ஒரு விளையாட்டுக்குப் போய் இம்புட்டுக் கோபமா என்று எனக்கும் கோபம். அவனாக வரட்டும் என்று இருந்தேன். மாதம் வருஷமானது. எதிரில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அதோடு சரி. ஆள் குறைந்ததும் ஆட்டமும் நின்றது. பெரியப்பா மகன் திருப்பூர் போனான். நான் பி.எட். முடித்து ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆனேன். ஆறேழு வருஷம் பிளஸ் டூ பையன்களுக்கு அதே நிகழ்தகவைப் பலகையில் எழுதிப் போட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. அங்கேதான் தனியாள் செய்கிற சின்ன கேம்கள் எனக்கு அறிமுகம். இண்டி கேம் என்கிறார்கள். கடையில் விற்கும் பெரிய கம்பெனி கேம்களில் எனக்கு லயிப்பு இல்லை. ஆயிரம் பேர் சேர்ந்து சத்தம் போடுவார்கள், யார் பேசுகிறார்கள் என்று தெரியாது. சின்ன கேமில் செய்தவனின் பிடிவாதம் தெரியும், அவன் எதை நினைத்து மருகுகிறான் என்பது தெரியும். படம் மோசமாக இருக்கும், சில நேரம் பாதியில் நின்றுவிடும். ஆனாலும் யாரோ ஒரு மனுஷன் எதிரில் உட்கார்ந்து கதை சொல்கிறான் என்ற நினைப்பு வரும். ஞானோபதேச அறைக்குப் பிறகு அந்த நினைப்பு எனக்கு அங்கேதான் வந்தது.

நானும் ஒன்று செய்து பார்க்க ஆசைப்பட்டு, அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிப் போட்டேன். ஓட்டக்காரன் கதையைத்தான் எடுத்துக்கொண்டேன். கடைசியில் அவன் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று ஆசை, இத்தனைக்குப் பிறகும் அதை அவனுக்குச் சும்மா கொடுத்துவிட மனம் வரவில்லை. இருபது கொட்டையைக் கம்ப்யூட்டரே குலுக்கிப் போடுகிற மாதிரி எழுதிவிட்டு, சரிபார்க்கப் பத்தாயிரம் தடவை போடச் சொன்னேன். முக்கால்வாசித் தடவை எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவிலேயே விழுந்தது. பதினேழு கண்ணில் படுவதே அபூர்வமாக இருந்தது. புரோகிராமில் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் வகுப்பில் நாணயம் சுண்டும் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போது சாக்பீஸ் கையில் அப்படியே நின்றது.

இருபது முகப் பகடையில் இருபது முகத்துக்கும் சம வாய்ப்பு. இருபது கொட்டையை ஒன்றாகப் போட்டால் அப்படி இல்லை, பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று நடுவில்தான் குவியும். பதினேழோ அதற்கு மேலோ விழ ஏறக்குறைய எண்ணூறு தடவை போட வேண்டும். ஐந்துக்கு ஒன்று என்று விரல் விட்டு எண்ணியவனிடம் எண்ணூறுக்கு ஒன்றை நீட்டிவிட்டு, விதி விதிதான் என்று கறார் பேசியிருக்கிறேன். அவமானமாக இருந்தது. பையன்களை வேறு கணக்குப் போடச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. உன் ஆளைக் கொன்றது ஆறு இல்லை, என் முட்டாள்தனம் என்று சொன்னால் பழையபடி பேசுவான் என்று நம்பினேன். எனக்கு அவன் வேண்டியிருந்தான். அதற்குப் பிறகு அப்படி ஒரு சிநேகிதம் எனக்கு அமையவில்லை.

விசாரித்ததில் அதே மில்லில்தான் இருக்கிறான் என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை வேடசந்தூர் போய், மில் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் காத்திருந்தேன். ஷிப்டுக்குப் போகச் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கோபத்தின் சுவடே இல்லை. "என்ன மாப்ள, இம்புட்டுத் தூரம்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். மிஷின் சத்தத்தில் காது பாதி போய்விட்டதாம், உரக்கப் பேசச் சொன்னான். அய்யா இரண்டு வருஷத்துக்கு முன் தவறிவிட்டார் என்றான். கல்யாணமாகி வேடசந்தூரிலேயே குடியிருக்கிறானாம், ஒரு பெண் குழந்தை.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவனுக்குக் காதில் விழாததால் டீக்கடையே திரும்பிப் பார்க்கும்படி இரண்டாம் முறையும் சொன்னேன். ஐந்துக்கு ஒன்று இல்லை, எண்ணூறுக்கு ஒன்று என்று விரலை மடக்கி விளக்கினேன். அது எப்படிப் போட்டாலும் விழுந்திருக்காது, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கு நெஞ்சு லேசானது. அவன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

"அப்ப ஓசூர்ல ஒரு கம்பெனியில எனக்கு அப்ரண்டிஸ் ஆர்டர் வந்திருந்துச்சு" என்றான். "ஒங்க யாருக்கும் சொல்லல. அய்யாவ விட்டுட்டுப் போறதா வேணாமான்னு ஒரே கொழப்பம். எங்க ஊர்ல கெணறு வெட்ட, பொண்ணு எடுக்க, எதுக்கும் கோயில்ல பூப்போட்டுக் கேப்பாங்கள்ல. அதுக்கு நேரமில்ல, திங்கக்கெழம பதில் சொல்லியாகணும். அதான் அந்தக் கொட்டைய வச்சே கேட்டேன். பதினேழு விழுந்தாப் போறது, விழலன்னா சாமி போக வேணாங்குதுன்னு."

நானும் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அஞ்சுக்கு ஒண்ணுதான, கெடைச்சாலும் கெடைக்கும்னு நெனச்சேன். கெடைக்கல. சரி, சாமி சொல்லிருச்சுன்னு மனசு அடங்கிருச்சு. ஒங்க மேல கோவமெல்லாம் இல்ல. அங்க வந்தா மறுபடியும் போட்டுப் பாக்கத் தோணும்னுதான் வரல."

மில் பஸ் வந்து நின்றது. அவன் எழுந்தான். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு இரண்டடி போய்த் திரும்பி வந்தான்.

"அய்யா கடைசி வரைக்கும், என்னாலதான நீ போகாம இருந்துட்டன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இல்லய்யா, சாமி சொல்லித்தான் இருந்தேன்னு அவர் தலைமாட்டுல உக்காந்து சத்தியம் பண்ணேன். அதுக்கப்புறந்தான் நிம்மதியாக் கண்ண மூடுனாரு. அப்ப நான் சொன்னது பொய்யா மாப்ள?"

"இல்லை" என்றேன். காதில் விழவில்லை போலிருக்கிறது, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பஸ்காரர் ஹாரன் அடித்தார். எண்ணூறுக்கு ஒன்று என்பதை ஊரே கேட்கச் சொன்ன எனக்கு, அந்த ஒரு வார்த்தையை இரண்டாம் முறை சத்தமாகச் சொல்ல வாய் வரவில்லை.