முடிஞ்ச மாதிரிதான்

வேலையிடத்தில் என் அக்காவை எல்லோரும் ‘கோடு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது பெயின்டர். கம்ப்யூட்டரில் போட்ட வேலைத்திட்டத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து அக்கா எங்கள் கையில் கொடுத்த முதல் நாள், அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னக்கா, ஒரே கோடா இருக்கு?” என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. தாள் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். மறுநாள் அது அவருடைய ஏணிக்குக் கீழே விரித்துக் கிடந்தது. பெயின்ட் தரையில் சிந்தாமல் இருக்க இதைவிட நல்ல தாள் கிடையாது என்று பாராட்டு வேறு.

நானும் சேர்ந்து சிரித்தேன். சொந்த அக்காவாயிற்றே என்று பார்க்கவில்லை. கட்டடம் கட்டி, உள்வேலையெல்லாம் செய்து, சாவியைக் கையில் கொடுக்கிற அந்தக் கம்பெனியில் நான் தச்சன். அக்காவை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். பன்னிரண்டு வருஷம் அவள் வாசல் மேஜையில் உட்கார்ந்து போன் எடுத்தாள். போனில் வருகிற கேள்வி ஒன்றே ஒன்று: எப்போது முடியும்? அக்கா போனைப் பொத்திக்கொண்டு எங்களைக் கேட்பாள். நாங்கள் “முடிஞ்ச மாதிரிதான்” என்போம். அவள் அதை அப்படியே அந்தப் பக்கம் சொல்வாள். அடுத்த வாரம் அதே ஆள் போன் செய்து அவளை வாங்கு வாங்கென்று வாங்குவார். பேச்சு எங்களுடையது, திட்டு அவளுக்கு. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

பிறகு முதலாளி யாரோ சொன்னார்கள் என்று ஒரு பிளானிங் சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டார். சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இரண்டு நாள் வந்தார். சைட் இன்ஜினியருக்குத் தலைவலி, ஸ்டோர்க்காரருக்கு அவசர வேலை. கடைசியில் அந்த ஆளுக்கு முன்னால் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தது அக்கா மட்டும்தான். அதனால் அந்த வேலை அவளுக்கு வந்தது. ஜன்னலோரம் ஒரு மேஜையும் வந்தது. அந்த மேஜையை அவள் தினமும் காலையில் தன் கைக்குட்டையால் துடைப்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வருஷம் அவள் கோடு போட்டதோடு சரி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு, இங்கே தொடக்கம், அங்கே முடிவு. அழகாகத்தான் இருக்கும். ஆனால் கோடு ஒரு பக்கம் போகும், நாங்கள் ஒரு பக்கம் போவோம். இரண்டு கட்டடம் அடுத்தடுத்துத் தள்ளிப்போனது. முதலாளி அவளைக் கூப்பிட்டார். கதவுக் கைப்பிடி வாங்குவதற்குக் கையெழுத்துக்காக நானும் அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

“அம்மா, இப்போ கட்டுற இந்தப் பள்ளிக்கூடம் சொன்ன திங்கக்கிழமை திறந்தாகணும். சின்னப் பிள்ளைங்க வரப்போகுது. இதுவும் தள்ளிப் போச்சுன்னா, அந்தக் கோடுகளையெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டு நீங்க பழையபடி போன்கிட்டயே உட்கார்ந்துடுங்க.”

அக்கா “சரிங்க” என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், “அந்தப் போனை இன்னொரு தடவை எடுத்தேன்னா நான் மனுஷி இல்லடா” என்றாள். கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் மதியச் சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் அந்த சாஃப்ட்வேரை நோண்ட ஆரம்பித்தாள். வருஷக்கணக்காக வீட்டில் இருந்தும் திறந்து பார்க்காத பெட்டி மாதிரி, அதற்குள் என்னென்னவோ இருந்ததாம். முதலில் போட்ட திட்டத்தைக் கலைக்காமல் பத்திரப்படுத்தி வைக்கலாம். அது சாம்பல் நிறக் கோடாகக் கீழே நிற்கும். உண்மையில் நடந்தது நீலக் கோடாக மேலே நிற்கும். பழைய இரண்டு கட்டடத்தையும் அவள் அப்படிப் போட்டுப் பார்த்தாள். பிளம்பரின் நீலக் கோடு ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் தள்ளி நின்றது. டைல்ஸ்காரருடையது மூன்று நாள். பெயின்டர் நான்கு.

“நீங்க பொய் சொல்றதுகூடப் பிரச்சினை இல்லடா,” என்றாள் என்னிடம், முகமெல்லாம் சிரிப்பாக. “ஒவ்வொருத்தரும் எப்பவும் ஒரே அளவு பொய் சொல்றீங்க. அது எவ்வளவு வசதி தெரியுமா?”

அந்த சாஃப்ட்வேரில் நமக்கு வேண்டிய கட்டத்தை நாமே சேர்த்துக்கொள்ளலாமாம். அக்கா ‘சொன்னது’ என்று ஒரு கட்டம் சேர்த்தாள். நாங்கள் போனில் என்ன வார்த்தை சொல்கிறோமோ அதை அட்சரம் பிசகாமல் அதில் தட்டி வைத்தாள். ஒரு மாதத்தில் அவள் கையில் ஓர் அகராதியே சேர்ந்துவிட்டது. ‘முடிஞ்சுது’ என்றால் முடிந்தது. ‘முடிஞ்ச மாதிரிதான்’ என்றால் பாதி. ‘முடிஞ்சிடும்’ என்றால் சாமான் வந்து இறங்கியிருக்கிறது, பிரிக்கவில்லை. ‘முடிச்சிடலாம்’ என்றால் அப்படி ஒரு வேலை இருப்பதே நீ சொல்லித்தான் ஞாபகம் வருகிறது. பிளம்பருக்குப் போன் போடுவாள். அவர் “முடிஞ்சிடும்கா” என்பார். “ரொம்ப சந்தோஷம்” என்று வைத்துவிட்டு, டைல்ஸ்காரரை இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுவாள். யாரோடும் சண்டை இல்லை. வேலை நகர ஆரம்பித்தது. சைட்டில் எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பதினோரு நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை, கீல் பெட்டி வாங்க நான் ஆபீஸுக்குப் போனேன். அக்கா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். ஆளுக்கு ஓர் எண் போட்ட கட்டம் திறந்திருந்தது. யார் பேச்சுக்கு எத்தனை நாள் கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு. பிளம்பர் 2. எலக்ட்ரீஷியன் 2. டைல்ஸ்காரர் 3. பெயின்டர் 4. தச்சர் 0.

“என்னக்கா இது? எனக்கு மட்டும் பூஜ்யம்?”

“உனக்கு எதுக்குடா போடணும்? நீ சொன்னா சொன்னதுதான்.” அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நேத்து கேட்டேன், கதவெல்லாம் முடிஞ்ச மாதிரிதான், சனிக்கிழமை மாட்டிடுவேன்னு சொன்னியே. அப்படியே போட்டுட்டேன்.”

“பழைய கட்டடத்துல என் கோடு தள்ளி நிக்கலையா?”

“நின்னுச்சு, நாலு நாள். ஆனா அந்தத் தடவை பலகை லேட்டா வந்துச்சு. அதுக்கு அடுத்த தடவை உனக்குக் காய்ச்சல். அதெல்லாம் உன் தப்பாடா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மெஷின் உண்மையைச் சொல்லியிருக்கிறது. இவள்தான் எனக்காக அதனிடம் வக்காலத்து வாங்கியிருக்கிறாள். என் யோக்கியதை இவளுக்குத் தெரியாதா என்ன? அவள் வீட்டுச் சமையலறை அலமாரிக்குக் கதவு போட்டுத் தருகிறேன் என்று பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஸ் ஓட்டுகிற மாமா, “உன் தம்பி கதவு மாட்டுறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்” என்று கேலி செய்யும்போதெல்லாம், “அவனுக்கு வேலை ஜாஸ்தி” என்பது இவள்தான்.

பள்ளிக்கூடத்துக் கதவுகளின் உண்மை நிலவரம் இதுதான்: பலகையை அளவுக்கு வெட்டிப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். சட்டம் அடிக்கவில்லை, ஒட்டவில்லை, இழைக்கவில்லை. ஆனால் வெட்டி நிறுத்திவிட்டால் என் மனசுக்குள் கதவு மாட்டியாகிவிடும். அது என் வியாதி.

“அக்கா, கதவு முடியல.”

“எத்தனை பாக்கி?”

“ஒன்பது.”

“மொத்தமே ஒன்பதுதானேடா!”

அக்கா ஜன்னலைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு திட்ட ஆரம்பித்தாள். வாசல் மேஜை வரைக்கும் கேட்டிருக்கும். பன்னிரண்டு வருஷத் திட்டு, வட்டியோடு எனக்கு வந்து சேர்ந்தது. நிஜமாகச் சொல்கிறேன், கேட்கக் கேட்க மனசு லேசானது. அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும், நான் கீபோர்டை என் பக்கம் இழுத்து அந்தப் பூஜ்யத்தை அழித்துவிட்டு நானே நான்கு என்று போட்டேன்.

திரையில் எல்லாக் கோடும் சரசரவென்று வலப்பக்கம் நகர்ந்தது. கதவுக்குப் பின்னால் பெயின்டர், அவருக்குப் பின்னால் தரை கழுவுதல், அதற்கும் பின்னால் அதிகாரி வந்து பார்க்கிற நாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இருந்த பரிசோதனை அதற்கடுத்த புதன்கிழமைக்குப் போய்ச் சிவப்பாக நின்றது. பள்ளிக்கூடம் திறக்க வேண்டியது அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே.

அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பையே பார்த்தாள். “ஒரு கதவுக்கு எவ்வளவு நேரம்? அளவா சொல்லு. மாதிரி கீதிரியெல்லாம் வேண்டாம்.”

“ஒரு நாளைக்கு ரெண்டு முடிப்பேன். நாளைக்கு ஆரம்பிச்சா புதன்கிழமை ஒன்பதாவது.”

“முதல் ரெண்டு நாளைக்கே வந்துடுமா? அப்புறம் பெயின்டர் எதுக்குடா ஒன்பதாவது வரைக்கும் காத்திருக்கணும்?” அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இது என் தப்பு. ஒன்பது கதவையும் ஒரே கோடா போட்டு வச்சிருக்கேன். எல்லாம் முடிஞ்சாத்தான் அவர் பிரஷ்ஷை எடுக்கணும்னு இது நினைச்சிட்டிருக்கு.”

அந்த நீளக் கோட்டை அழித்தாள். ஒன்பது குட்டிக் கோடு போட்டாள். வகுப்பறை ஒன்று, வகுப்பறை இரண்டு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். ஒவ்வொரு கதவின் வாலிலும் பெயின்டரின் ஒரு சின்னக் கோட்டைக் கோத்தாள். கோக்கக் கோக்கப் பரிசோதனை நாள் இடப்பக்கம் நகர்ந்து வந்தது. செவ்வாய், திங்கள், சனி. கடைசியில் வெள்ளிக்கிழமை மதியத்தில் வந்து நின்றது. சிவப்பு போய்விட்டது. அக்கா மேஜையை ஒரு தட்டு தட்டினாள்.

“இன்னொண்ணு,” என்றாள். “இனிமே உனக்குப் பாதி, முக்கால் எல்லாம் கிடையாது. கதவு மூடினா நூறு. மூடலைன்னா சைபர்.”

மறுநாளிலிருந்து மாலை ஐந்து மணிக்கு அவள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுவாள். நான் “முடிஞ்சுது” என்று சொன்னால் போதாது. தானே கதவைத் திறப்பாள், மூடுவாள், தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பாள், அதற்கப்புறம்தான் செல்போனில் நூறு போடுவாள். பெயின்டருக்கும் வேறு வழியில்லை. கண்ணெதிரே இரண்டு கதவு நின்றுகொண்டிருக்கும்போது ‘முடிஞ்சிடும்’ என்று எப்படிச் சொல்வது? அவர் அக்கா கொடுத்த தாளை இந்தத் தடவை ஏணிக்குக் கீழே போடவில்லை. சுவரில் ஒட்டி, முடிந்த கதவுக்கெல்லாம் பிரஷ்ஷாலேயே ஒரு பொட்டு வைத்தார்.

“கோடு அக்கா, எனக்கு எத்தனை நாள் போட்டிருக்கீங்கன்னு தம்பி சொன்னான்,” என்றார் ஒருநாள். “நாலு அநியாயம். மூணாக்குங்க.”

“ஆக்கிக் காட்டுங்க, ஆக்குறேன்.”

புதன்கிழமை மாலை. ஒன்பதாவது கதவு, பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு. அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாளை இறக்கி வைக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் இழுத்துவிட்டது. முதலாளி ஆபீஸில் பிடித்து வைத்துக்கொண்டதால் அன்று அக்கா வரமுடியவில்லை. போன் செய்தாள். பக்கத்தில் முதலாளியின் இருமல் கேட்டது.

“தம்பி, ஒன்பதாவது என்னாச்சு?”

“முடிஞ்ச மா...” என்று வந்தே விட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். “இல்லக்கா. முடியல. கீழ்க் கீலுக்கு இன்னும் நாலு ஸ்க்ரூ இருக்கு. கால் மணி நேரம்.”

அந்தப் பக்கம் அக்கா சிரித்தாள். அடக்க முடியாமல், விக்கி விக்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கும் சிரிப்பு வந்து ஸ்க்ரூவைக் கீழே போட்டுவிட்டேன். கால் மணி நேரம் இருபது நிமிஷமானது அதனால்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து ஒன்பது கதவையும் படார் படார் என்று அடித்துச் சாத்தி, என் வேலையை நன்றாகவே பரிசோதித்தார்கள். முதலாளிக்குப் பாராட்ட வராது. ஜன்னல் மேஜைக்கு வந்து, “அடுத்த கட்டடத்துக்குக் கோடு போட்டாச்சாம்மா?” என்று மட்டும் கேட்டார். “இன்னும் இல்லைங்க. பாதி போட்டிருக்கேன்” என்றாள் அக்கா.

அடுத்த வாரம் அந்தப் பாதியை எட்டிப் பார்த்தேன். பெயின்டர் 3. தச்சர் 1.

“பள்ளிக்கூடத்துல ஒரு நாள்கூடத் தள்ளலையே. அந்த ஒண்ணு எதுக்குக்கா?”

“அது என் சமையலறை அலமாரிக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பலகையையும் என் சாமான் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மாமா பேப்பரை இறக்கிவிட்டு, “இன்னிக்கு மழைதான்” என்றார். அளந்து, வெட்டி, இழைத்து, இரண்டு கதவையும் மாட்டி முடிக்க மதியம் ஆனது. “அக்கா, முடிஞ்சுது!” என்று குரல் கொடுத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ஓரமாக ஒதுங்கி நின்றேன். அவள் வந்து திறந்து மூடிப் பார்க்க வேண்டுமே.

“சரிடா,” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. “கையைக் கழுவிட்டு வா. டீ ஆறிடும்.”

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் வரவில்லை. நான்தான் ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் மூடியது.