மலாவி மெசினைச் செய்தவன் நான்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அகதியாக வந்து குடியேறிய இந்த வெரிபீயில் எங்கள் ஆட்களின் வீட்டு இரும்புக் கேற்றுகளில் பாதி என் கை வேலை. காற்றில் பறந்துபோன கார்க் கொட்டகை ஒன்றை, கட்டிய கொம்பனிக்காரன் கைவிட்ட பிறகு, இனிமேல் பறக்காதபடி நட்டு நிறுத்தியது நான். என் சொந்த வீட்டுப் பின்னறை, கோழிக்கூடு, மனைவி கேட்ட வெளிக்குசினி எல்லாம் நான். ஆங்கிலம் அரைகுறை, முதுகு வலி முழுசு, அப்படியிருந்தும் கட்டினேன். இவையெல்லாம் போக, ஆபிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் ஒரு கிராமமே இன்று நான் செய்த மெசினில்தான் சோளம் அரைக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஏனென்றால் அதில்தான் அநியாயம் நடந்திருக்கிறது.

ஆபிரிக்காவுக்கு உதவுவதா என்று எங்கள் ஊர்ச் சங்கம் கூட்டம் போட்டது. ஒருவர் எழும்பினார். "உலகமே குடுத்தும் அங்க ஒண்டும் உருப்படேல்லை. நாங்கள் குடுத்து என்ன வரப்போகுது?"

"அகதி முகாமில எனக்குக் கூடாரம் தரேக்கையும் ஆரோ எங்கையோ இருந்து இப்பிடித்தான் கதைச்சிருப்பான்" என்றேன். "நான் உருப்பட்டு உங்களுக்கு முன்னால நிக்கிறன், பாருங்கோ."

என் பக்கத்து வீட்டு நர்ஸ் மலாவிக்காரி. தன் சின்னம்மாவின் கிராமத்துப் பெண்கள் சோளத்தைத் தலையில் சுமந்து அடுத்த ஊர் மில்லுக்கு நடக்கிறார்கள் என்று வேலிக்கு மேலால் சொல்லியிருந்தாள். அதைச் சபையில் சொன்னேன். தலைவர் படித்த மனிதர், கணக்காளராக இருந்து ஓய்வெடுத்தவர். அவர் கை தட்ட, மெசினை நான் செய்வதென்று முடிவானது.

பழைய டீசல் எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து, என் கராஜிலேயே கட்டினேன். இப்படி மெசின்கள் மலாவிக் கடைகளிலேயே கிடைக்கும் என்று நர்ஸ் பிறகுதான் சொன்னாள். கிடைக்கட்டும். அவை நான் செய்தவை இல்லையே.

முன்பக்கத்தில் என் பெயரை வெல்டிங்கால் எழுதப் போனபோது தலைவர் தடுத்தார்.

"அண்ணை, இது தனி ஆளின்ர வேலையில்லை. சங்கத்தின்ர பேர்தான் வரவேணும்."

"வெல்டிங் புகையை முழுச் சங்கமுமோ குடிச்சது?"

"கொஞ்சம் பெருந்தன்மையா இருங்கோ அண்ணை."

இருந்தேன்.

கப்பலில் ஏற்றுவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? கராஜில் மில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், சங்கத்து அன்ரிமார் வறுத்த மிளகாயும் மல்லியுமாக வந்து இறங்கிவிட்டார்கள். மெசின் புதிதென்றால் கறித்தூள் அரைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம்; சோளத்தை யார் நினைத்தது? தலைவரின் மனைவி கொண்டுவந்த வாளிதான் எல்லாவற்றிலும் பெரிது. தெருவே தும்மியது. எதிர்வீட்டு வெள்ளைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்து, தீயணைப்புக்காரரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். ஆனால் தூள், அப்படி ஒரு தூள்! பிறகு மெசினை நன்றாகத் துடைத்துத்தான் அனுப்பினேன். வெளிப்பக்கம்.

மெசின் ஓடத் தொடங்கும் நாளில் சங்க மண்டபத்தில் திரை கட்டி, வீடியோவில் எல்லோரும் பார்த்தோம். "எங்கட சங்கத்தின்ர மெசின்" என்று தலைவர் மைக்கில் முழங்கினார். அங்கே சின்னம்மா முதல் மாவில் கஞ்சி காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஒரு வாய்தான். பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு தண்ணீருக்கு ஓடினார்கள். சின்னம்மா தானும் ருசித்து, இருமி, ஏதோ சொன்னார்.

நர்ஸ் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "இந்த மாவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாதாம். மெசினை மூடிவைத்துவிட்டுப் பழைய மில்லுக்கே நடக்கப் போகிறார்களாம்."

தலைவர் மைக்கோடு என் பக்கம் திரும்பினார். "என்ன அண்ணை, உங்கட மெசினில என்ன பிழை?"

என்னுடைய மெசினாம்! ஒரு வாய்க் கஞ்சியில் சொந்தக்காரன் மாறிவிட்டான்.

"பிழை உங்கட வீட்டு வாளியில" என்று மைக்கைப் பறித்தேன். மூடியைக் கழற்றிச் சல்லடையைக் கழுவிக் காயவைக்கவும், பிறகு சோளத் தவிட்டைப் போட்டு அரைத்துக் கொட்டவும், காரம் போகுமட்டும் திரும்பத் திரும்ப அப்படியே செய்யவும் சொன்னேன். மிளகாய்க்குப் பிறகு அரிசி அரைக்க ஊர் மில்லில் அப்படித்தான் செய்வார்கள்.

சின்னம்மா கையைக் கட்டிக்கொண்டு நர்ஸ் வழியாகக் கேட்டார்: "நாங்கள் எதை அரைப்போம் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?"

மண்டபம் முழுக்கக் கூரையைப் பார்த்தது. "இனிக் கேக்கிறம் அம்மா" என்றேன், தமிழிலேயே. பக்கத்தில் நின்ற ஒருவர் அதை ஆங்கிலமாக்க, நர்ஸ் அவர்கள் பாஷையில் சொன்னதும், சின்னம்மா சரி, ஒருமுறை செய்து பார்க்கிறேன் என்றார்.

அடுத்த கிழமை வீடியோவில் சின்னம்மா வெள்ளை மாவை அள்ளிக் காட்டினார். தான் ருசித்த பிறகே பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கிண்ணங்கள் வெறுமையாகின. கொட்டச் சொன்ன தவிட்டை ஊர்க் கிழவர்கள் வாங்கிப்போய் மீனில் தூவிச் சாப்பிட்டார்களாம். அந்த உதவிக்கு நான் பெயர் கேட்கவில்லை.

இப்போது சங்கத்தின் ஆண்டு மலர் வந்திருக்கிறது. முழுப் பக்கத்தில் தலைவரின் படம், மேலே "சங்கத்தின் சாதனை" என்று தலைப்பு. உள்ளே பொடி எழுத்தில்: "வெல்டிங் செய்தவரால் ஏற்பட்ட தவறு சங்கத்தால் திருத்தப்பட்டது." பிழைக்குக்கூட என் பெயரைப் போடவில்லை!

ஆகவே கேட்கிறேன். செய்தவனும் நான், திருத்தியவனும் நான் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவர் தன் வாயால் சொல்ல வேண்டும். மலரை மறுபடி அச்சடிக்க வேண்டும். அதில் என் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு, தலைவரின் படத்துக்கு மேலே வர வேண்டும். கொட்டை எழுத்தில்.